பெஞ்சின் மறுமுனை

"என்னை எதுக்கு மேடம் பெஞ்சு தூக்க விட்டீங்க?"

நல்லசிவன் இப்படித்தான் ஆரம்பித்தான். வணக்கம் கிடையாது. நலம் விசாரிப்பும் கிடையாது.

ஹெப்சிபா தரையில் குந்தியிருந்தார். கையில் சாக்பீஸ். கல்லூரி ஹாலின் சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னதாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கோடும் ஒரு பெஞ்சுக்கால் நிற்கவேண்டிய இடம்.

"எப்போ?" என்றார், நிமிராமல்.

"முதல் வருஷம். முதல் நாள்."

"இப்ப அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்றால், அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அவன் கல்லூரிச் செயலருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹெப்சிபா அந்தக் கல்லூரியில் மாணவர் நலன் டீன். மாதக் கடைசியில் ஓய்வு. அந்த இடத்துக்கு நல்லசிவனைக் கேட்டிருந்தார்கள். அவன் அங்கேயே படித்தவன், அங்கேயே இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன்.

இன்னொரு பக்கம் ஹைதராபாத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அவனைக் கூப்பிட்டிருந்தது. அங்கே வகுப்பு இல்லை. விடுதி இல்லை. ஆண்டு விழா இல்லை. கருவியும் அவனும்தான்.

ஹைதராபாத் என்று அவன் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டான். செயலரிடம் முடியாது என்று சொல்லத்தான் கிளம்பினான். சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரிக் கிடந்த கேள்வி.

அதைத்தான் வந்ததும் கேட்டான்.

ஹெப்சிபா அடுத்த கோட்டுக்கு நகர்ந்தார்.

"டீனுக்கு என் பேரைக் கொடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

"ஏன்?"

"ஒரு கேள்வி முடியட்டும். பெஞ்சைச் சொல்லு."

அவன் சொன்னான். நின்றுகொண்டே சொன்னான்.

அவன் வந்த வருடமும் இன்று போலவே முதலாண்டு மாணவர் வரவேற்புதான். இதே ஹால். அவன் செம்மணல் தேரிக்காட்டு ஊரிலிருந்து வந்திருந்தான். வாசலில் பன்னீர் தெளித்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் வெளியே போய்த் தூண் ஓரம் நின்றுகொண்டான். ரெஜினால்ட் என்ற பையனும் அதே நாள்தான் சேர்ந்தான். நாசரேத்து டாக்டர் வீட்டுப் பிள்ளை. நன்றாகப் பேசுவான். ஹெப்சிபா அவனைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார், புது மாணவர் சார்பில் நாலு வார்த்தை பேசு என்று. நல்லசிவனைக் கூப்பிட்டு பெஞ்சைக் காட்டினார்.

"அவன் கையில மைக். என் கையில பெஞ்சு," என்றான் நல்லசிவன். "மூஞ்சியப் பாத்தே பிரிச்சுட்டீங்க."

"ம்."

"அன்னிக்குப் பிடிச்சது மேடம். மூணு வருஷம் விடல."

அது உண்மைதான். பெஞ்சு தூக்கியவனை அடுத்த விழாவுக்கும் தேடினார்கள். ரத்ததான முகாமுக்குக் கட்டில் போட்டான். கிராம முகாமில் குழி வெட்டினான். ரெண்டாம் வருடம் மெஸ் செயலாளர். மூன்றாம் வருடம் மாணவர் பேரவைச் செயலாளர். அந்த நேரமெல்லாம் ரெஜினால்ட் லைப்ரரியில் இருந்தான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அவன் லேபுக்கு அவன் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

போன மாதம் பழைய மாணவர் கூட்டத்துக்கு ரெஜினால்ட் வந்திருந்தான். பாசக்காரன்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாப்ள, இன்னும் பெஞ்சுதான் தூக்குதியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நல்லசிவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூட வரவில்லை.

"இந்த வேலை எனக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு தெரியும்லா," என்றான். "பிஸிக்ஸ்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. மிச்சமெல்லாம் சாம்பார்."

ஹெப்சிபாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது.

சாம்பார் கதை கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். நல்லசிவன் ரெண்டாம் வருடம் படிக்கும்போது விடுதியில் தட்டைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டிரைக். வார்டன் பேசிப் பார்த்தார், முதல்வர் மிரட்டிப் பார்த்தார். ஹெப்சிபா நல்லசிவனிடம், நீ போய் பாருல என்று மட்டும் சொன்னார். அவன் போய் யாரிடமும் பேசவில்லை. சமையற்கட்டில் உட்கார்ந்து பார்த்தான். முதலில் வருகிறவனுக்குப் பருப்பு, கடைசியில் வருகிறவனுக்கு மஞ்சள் தண்ணீர். கமிட்டிப் பையன்கள் எப்போதும் முதலில் வந்தார்கள். மறுநாள் அவன் ஒரு வழக்கம் போட்டான். மெஸ் கமிட்டி கடைசிப் பந்தியில்தான் சாப்பிடும். வார்டனும் அவர்களோடுதான். ஒரே வாரத்தில் சாம்பார் அடிவரைக்கும் சாம்பாராக இருந்தது. இன்றைக்கும் அந்த விடுதியில் அதே வழக்கம்தான்.

ஆசிரியர் வேலை நேர்முகத்தில் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசிப் பந்தி யார் யோசனை, வார்டன் ஒத்துக்கொண்டாரா, எப்படி. வேலையும் கொடுத்தார்கள். வந்த பிறகும் அதே கதை. பாடம் எடுக்கத்தான் வந்தான். ஆனால் விடுதியில் தகராறா, நல்லசிவனைக் கூப்பிடு. பையன் ஒருத்தன் படிப்பை விட்டுப் போகிறானா, நல்லசிவன் போய்ப் பேசட்டும். அவன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் நன்றாகத்தான் இருந்தன. அதை யாரும் அவனிடம் பேசுவதில்லை. அவ்வளவுதான்.

"நான் பிஸிக்ஸ் வாத்தியாரா, பந்தல்காரனா?" என்றான். "நீங்க அன்னிக்கு அந்த மைக்கை என்கிட்ட கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஹெப்சிபா எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். சாக்பீஸ் தூள் சேலையில் அப்பியது.

"நான் ஒண்ணு கேக்கேன்," என்றார். "இந்த ஹால்ல நீ முதமுதலாப் பேசினது என்ன?"

நல்லசிவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரெண்டாம் வருடம், கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி. "அவையோருக்கு வணக்கம்" என்று தொடங்கியதும் மைக் கத்தியது, அதில் பாதி பயம் போய்விட்டது.

"அது இல்ல," என்றார் ஹெப்சிபா.

"அதுக்கு முன்னாடி நான் இங்க வாயத் திறந்ததே கிடையாது மேடம்."

"திறந்தே."

"எப்போ? என்ன சொன்னேன்?"

"பெஞ்சு வரணும். நேரமாகுது."

அவ்வளவுதான். அவர் அடுத்த வரிசைக்குக் கோடு போடப் போய்விட்டார்.

நல்லசிவன் எரிச்சலோடு வெளியே போனான். வேறென்ன செய்ய? பெஞ்சு வரத்தான் வேண்டும்.

பழைய கட்டட வகுப்புகளிலிருந்து பெஞ்சுகளை எடுத்து ஹாலில் போடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். நீளமான பெஞ்சுகள். தேக்கு. ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேர் வேண்டும். ஒருத்தன் தூக்க முடியாது. இழுக்கலாம். இழுத்தால் கட்டடம் முழுக்கப் பல் கூசும்.

நிர்வாகம் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு வருடம் சில ஆகிவிட்டது. அவை ஸ்டோரில் கோபுரமாக அடுக்கிக் கிடக்கின்றன. ஹெப்சிபா தொடமாட்டார். முதல்வர் நல்லசிவனிடம் தனியாகச் சொல்லியிருந்தார், நீங்க டீன் ஆனதும் முதல் வேலை இந்தப் பெஞ்சுத் தொல்லையை ஒழிங்க என்று. நல்லசிவனுக்கு அந்தப் பதவியில் பிடித்திருந்த ஒரே விஷயம் அதுதான்.

பாதிப் பெஞ்சை ரெண்டாம் வருடப் பிள்ளைகள் முந்தின நாளே போட்டுவிட்டார்கள். மிச்சத்துக்கு உடற்கல்வி ஆசிரியர் ஆசீர் மறுமுனையைப் பிடித்தார். பெரிய உடம்பு. ஓயாமல் பேசுவார்.

"டீன் சார், முதுகு பத்திரம்," என்றார் ஆசீர்.

"இன்னும் ஆகல."

"ஆகாமலேயே தூக்குதீங்களே. ஆனா என்ன செய்வீங்களோ."

ஆசீருக்கு ஒரு குறை உண்டு. வருடா வருடம் இதே கூத்து என்றார். முந்தின நாளே எல்லாப் பெஞ்சையும் போட்டு முடிக்கலாம், ஆளும் இருக்கிறது. அந்த அம்மாதான், மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம் என்று நிறுத்திவிடுவார்கள். புதுப் பிள்ளைகள் வந்து நிற்கும்போது பாதி ஹால் காலியாகக் கிடக்கும். விருந்தினர் வரும்போது வாத்தியார்கள் பெஞ்சோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். முப்பது வருடமாக ஒரு விழாவைத் திட்டம் போட்டு நடத்தத் தெரியவில்லை.

"நல்ல மனுஷி," என்றார் ஆசீர். "ஆனா பிளானிங் சுத்தமா கிடையாது."

நல்லசிவனுக்கும் அப்படித்தான் பட்டது.

பெஞ்சைக் கோட்டில் வைத்துவிட்டு ஹெப்சிபாவிடம் போனான். வழியில் ஒன்று ஞாபகம் வந்திருந்தது. மெஸ் ஸ்டிரைக் முடிந்த அன்று இந்த ஹாலில் பையன்களைக் கூட்டிவைத்து ரெண்டு வார்த்தை சொன்னான்.

"அதுவா?"

"அது ரெண்டாம் வருஷம்."

அடுத்த பெஞ்சு. அடுத்த பதில். முதல் வருடம் கிறிஸ்மஸ் விழாவில் திரைக்குப் பின்னால் இருந்து, லைட்டைப் போடு என்று யாரிடமோ சொன்னது.

"அதுவும் இல்ல."

"அப்ப நீங்களே சொல்லுங்க மேடம்."

"நான் சொன்னா அது என் பேச்சு," என்றார் ஹெப்சிபா.

மேடைக்குப் போய் மைக்கைத் தட்டினார். அது கரகரத்தது.

"பின்னால கேக்குதா?" என்று மைக்கில் கேட்டார். கடைசி வரிசை இன்னும் காலிதான். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

பத்து மணிக்குமேல் புதுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கார், ஆட்டோ, டவுன் பஸ். ஹால் வாசலில் மேல் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் பட்டுச்சேலையில் நின்று பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள், பெயர் கேட்டுச் சட்டையில் அட்டை குத்தினார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள். ஆர்வத்தில் எல்லாம் இங்கிலீஷில் வந்தது.

நல்லசிவன் அடுத்த பெஞ்சுக்காக வெளியே வந்தபோது வராந்தாவின் கோடியில் ஒரு அப்பனும் மகளும் நின்றார்கள். அப்பன் சான்றிதழ் உறையை நெஞ்சோடு பிடித்திருந்தார். மகள் சுவரைப் பார்த்து நின்றாள்.

என்ன விஷயம் என்று கேட்டான்.

அப்பன்தான் சொன்னார். ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம். நிலக்கடலை பயிரிடுகிறவர்கள். பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இவள்தான் முதல். வாசலில் அந்தப் பிள்ளைகள் பெயர் கேட்டிருக்கிறார்கள். முப்பிடாதி என்று சொல்லியிருக்கிறாள். குரல் எழும்பவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டிருக்கிறார்கள். மறுபடி சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை கேட்டபோது பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். இவளைப் பார்த்துத்தானா என்பது கூடத் தெரியாது. திரும்பி வந்துவிட்டாள்.

"ஊர்ல பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா சார்," என்றார் அப்பன். "இங்க வந்து ஊமையாயிட்டா. வீட்டுக்குப் போவோம்ங்கா."

நல்லசிவனுக்கு இந்த வேலை புதிதில்லை. எத்தனையோ பேரைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான். அவள் முன்னால் போய், தானும் இப்படித்தான் தேரிக்காட்டிலிருந்து வந்தேன் என்றான். இதே வாசலில் இதே மாதிரி நின்றேன் என்றான். இன்று எம்.எஸ்ஸி.க்குப் பாடம் எடுக்கிறேன் என்றான். நல்லாத்தான் பேசினான். மேடையில் பேசியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

அவள் சுவரைப் பார்த்தே நின்றாள்.

சரி, உனக்கு முன்வரிசையிலேயே இடம் போடச் சொல்கிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றான்.

முன்வரிசை என்றதும் அவள் ஓரடி பின்னால் போனாள். அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வயதுப் பெண்.

"பதினொன்றரைக்கு பஸ் இருக்கு சார்," என்றார் அப்பன். குரலில் கோபமில்லை. அதுதான் நல்லசிவனை உறுத்தியது. "அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம் என்று போனவர்களில் திரும்பி வந்த ஒரு முகம்கூட நல்லசிவன் ஞாபகத்தில் இல்லை.

இத்தனை வருட வேலை. கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோன மாதிரி நின்றான். பார்த்தீர்களா மேடம், இதுக்கும் நான் லாயக்கில்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. ஹைதராபாத்தில் யாரும் வாசலில் நின்று அழமாட்டார்கள்.

ஆசீரும் அவனும் முன்பே வராந்தா வரைக்கும் கொண்டுவந்து வைத்த பெஞ்சு ஒன்று அங்கேயே கிடந்தது. ஆசீரைக் காணோம். விருந்தினர் கார் வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, ஓடிவிட்டார்.

உள்ளே மைக் கரகரத்தது. ஹெப்சிபாவின் குரல்.

"கடைசி வரிசைக்கு ஒரு பெஞ்சு குறையுது."

நல்லசிவன் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கால் தரையில் உரசிக் கிறீச்சிட்டது. பன்னீர்ப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். அவன் நிறுத்திவிட்டு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். வாத்தியார்கள் எல்லாம் வாசல் பக்கம் போயிருந்தார்கள்.

மறுமுனைக்குப் பக்கத்தில் அவள்தான் நின்றாள்.

"ஏம்மா, அந்த முனையக் கொஞ்சம் பிடி."

யோசித்துச் சொன்னதில்லை. பெஞ்சு போக வேண்டும். அவ்வளவுதான்.

அப்பன் பதறி முன்னால் வந்தார். நான் பிடிக்கேன் சார் என்றார். அதற்குள் அவள் தோள்பையை அப்பன் கையில் திணித்திருந்தாள். பாவாடையை இடுப்பில் ஒரு சுருட்டுச் சுருட்டிக்கொண்டாள். குனிந்தாள்.

அவள் முனைதான் முதலில் எழுந்தது.

கடலை மூட்டை தூக்கிய கை. நல்லசிவன்தான் அவசரமாகத் தன் முனையைத் தூக்க வேண்டியிருந்தது.

"மெதுவா," என்றான்.

அவள் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தாள். வழியைப் பார்த்தாள்.

வராந்தா குறுகலானது. பெஞ்சைத் திருப்ப இடம் கிடையாது. ஹால் வாசலுக்குள் போக வேண்டுமென்றால் ஒருத்தர் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். நல்லசிவன் பின்பக்கமாக நடந்தான். அவள் முன்பக்கமாக வந்தாள்.

பன்னீர்ப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். பெஞ்சு வருது, பெஞ்சு வருது, தள்ளு என்று ஒருத்திக்கொருத்தி சொன்னார்கள். எல்லாம் தமிழில்தான் வந்தது. யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. கையில் பெஞ்சோடு வருகிறவளிடம் யார் போய் நீ யாரென்று கேட்பார்கள்?

அப்பன் தோள்பையோடும் சான்றிதழ் உறையோடும் பின்னாலேயே வந்தார்.

நல்லசிவனின் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது. செயலராக இருக்கும். வேறு யார் இந்த நேரத்தில்? ரெண்டு கையும் பெஞ்சில் இருந்தன. அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் பின்பக்கமாக ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி.

"சார்."

அவன் அவளைப் பார்த்தான்.

"சார், பின்னாடி படி."

நல்லசிவன் நின்றுவிட்டான்.

குதிகால் படியில் முட்டிக்கொண்டிருந்தது. ஹால் வாசலின் கல்படி. இன்னும் அரை அடி போயிருந்தால் மல்லாந்திருப்பான்.

படி. தேய்ந்த கல்படி. நடுவில் சின்னக் குழி.

அந்தக் குழியை அவனுக்குத் தெரியும். முதல் வருடம் அந்த முதல் நாள் முன்பக்கமாக வந்ததால் பார்த்திருந்தான். வெள்ளைக் கரை போட்ட நீலச் சேலை ஒன்று பின்பக்கமாக அதை நோக்கிப் போனதையும் பார்த்திருந்தான். பெஞ்சின் மறுமுனையில் இருந்தவருக்குப் படி தெரியவில்லை. சொல்லவா வேண்டாமா என்று பயம். சொல்லாவிட்டால் விழுந்துவிடுவார். அவர் இன்னும் ஒரு அடி வைத்தார்.

மேடம், படி என்று வாயைத் திறந்தான்.

அவர் நின்று, அவனைப் பார்த்து, தலையாட்டிவிட்டு, காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

அந்த மறுமுனையை இருபத்தைந்து வருடத்தில் அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தன் முனையின் கனம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

போன் அடித்து ஓய்ந்தது.

"என்ன சொன்னே?" என்றான் நல்லசிவன். "இன்னொரு தடவ சொல்லு."

சாருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி, கடலைக்காட்டில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

"பின்னாடி படி இருக்கு சார். பாத்து வைங்க."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மேடையில் மைக்குக்கு முன்னால் நின்ற ஹெப்சிபாவும் நிமிர்ந்தார்.

"கேக்குது," என்றார்.